பங்குக் கிணற்றில் நீர் முறையை விலைக்கு விடுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பங்காளிகளுக்குப் பொதுவான கிணறுகளில் நீருரிமை ஏற்கெனவே பங்காகவே இருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றில் நாலில் ஒரு பாகம் என்று எழுதி, நாள் முறை வைத்து இறைக்கிறார்கள். அந்த முறையை ஒரு போகத்துக்கு மட்டும் மற்றொருவருக்கு விலைக்கு விடலாம். ஆனால் விலை பேசுமுன் எவ்வளவு நீர் என்று முடிவாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் 1995இல் எடுக்கும் நீரின் அளவுக்கு உச்சவரம்பு விதித்த பின்பே நீர் வணிகம் பெருகியது.

மோட்டார் குழாயின் வாயில் 200 லிட்டர் பீப்பாயை வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 40 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர். சித்திரையில் நீர்மட்டம் இறங்கினால் அதே ஒரு மணி நேரத்தில் கிடைப்பது குறைந்துவிடும் என்பதால், மணிக்கணக்கில் விற்பதைவிட லிட்டர் கணக்கில் விற்பதே நியாயம். கிணறு மீண்டும் ஊற எடுக்கும் நேரத்தையும் பார்த்து, ஆடுமாடுகளுக்கும் வீட்டுக்கும் வேண்டியதைக் கழித்து, மிச்சத்தைப் பங்குப்படி பிரியுங்கள்.

விற்பவர் அந்தப் போகத்தில் தக்காளியோ கரும்போ வைக்காமல், மானாவாரியாகக் கேழ்வரகோ கொள்ளோ விதைப்பதாக எழுதித் தர வேண்டும். பலரும் விட்டுவிடும் நிபந்தனை ஒன்று உண்டு: பங்கை விற்றவர் பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது. நிலத்தடி நீரை நில உரிமையோடு சேர்த்தே நம் சட்டம் பார்த்து வந்திருப்பதால், எழுதி வைக்காவிட்டால் ஒரே நீருக்கு ஒருவர் பணமும் வாங்கிக்கொண்டு, அதையே அடியிலிருந்தும் உறிஞ்சிவிடுவார்; மற்ற பங்காளிகளின் ஊற்றும் வற்றும்.

நிரந்தரமாக விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலியில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி நிரந்தரமாக வழங்கிய உரிமைகளைப் பயன்படுத்தாமலே சிலர் முடக்கி வைத்ததால், பின்னாளில் அதற்குக் கட்டணம் விதிக்க நேர்ந்தது. முன்பணம், நாள், லிட்டர் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திடுங்கள்.

இவையெல்லாம் கிணற்றுக்கு மட்டுமே. கிருஷ்ணகிரி அணைக் கால்வாய் நீர் அரசுடையது, அதற்கு இப்படி விலை பேச இடமில்லை.