நகரம், மாநகரம், பட்டினம்: யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவர் "யாழ்ப்பாணம் போட்டு வாறன்" என்று சொல்லும்போது, அவர் நிற்கும் இடமும் யாழ்ப்பாண மாவட்டமே என்று எவரும் அவரைத் திருத்துவதில்லை. சுண்டிக்குளியிலும் வண்ணார்பண்ணையிலும் இருப்போர் மாநகர எல்லைக்குள்ளேயே குடியிருந்தும் "ரவுணுக்குப் போறன்" என்பர்; அவர்கள் கருதுவது பேருந்து நிலையத்தையும் பெரிய கடையையும் கஸ்தூரியார் வீதியையும் சூழ்ந்த கடைத்தெருக்களை மட்டுமே. பேச்சில் ஆளும் இடமும் பொருளைத் தெளிவாக்கிவிடுகின்றன. எழுத்துக்கு அந்த உதவி இல்லாமையால், செய்தியிலும் கட்டுரையிலும் விண்ணப்பத்திலும் நகரம் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை எழுதுபவரே முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

மிகுதியாக நேரும் தவறு, யாழ்ப்பாணம் என்ற ஒரே பெயரால் வழங்கும் மூன்று பரப்புகளை ஒன்றாக்கிவிடுவதாகும். மாநகரம் என்பது 1949 இல் மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்ட, ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சிறு நிலம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அதில் ஒரு இலட்சம் பேர்கூட இருக்கவில்லை. மாவட்டத்திலோ ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். மாவட்டமும் குடாநாடும் ஒன்றென்று எண்ணுவது இதைவிட நுட்பமான பிழை. நெடுந்தீவும் நயினாதீவும் மாவட்டத்தைச் சேர்ந்தவை, ஆனால் குடாநாட்டு நிலத்தோடு சேராத தீவுகள். பளையை உள்ளடக்கிய பச்சிலைப்பள்ளி குடாநாட்டில் கிடக்கிறது, ஆனால் 1984 இல் தனியாகப் பிரிக்கப்பட்ட கிளிநொச்சி மாவட்டத்துக்கு உரியது. ஆகவே மாவட்டத்துக்கான எண்ணை எடுத்து, அதன் தலையில் "குடாநாட்டின் சனத்தொகை" என்று எழுதுவது இரு பக்கமும் பிழைத்த கணக்காகும்.

இதே மயக்கம் நிறுவனங்களின் இடத்தைச் சொல்லும்போதும் வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் "யாழ் நகரில் அமைந்துள்ளது" என்று எழுதுவோர் பலர். அது இருக்கும் திருநெல்வேலி மாநகர எல்லைக்கு வெளியே, நல்லூர் பிரதேச சபைக்கு உட்பட்ட ஊர். யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் இருப்பது வலிகாமம் வடக்கிலுள்ள பலாலியில். இதற்கு மாறாக, நல்லூர்க் கந்தசுவாமி கோவில் நல்லூர் என்ற பெயரைத் தாங்கியிருந்தும் மாநகர சபை எல்லைக்குள் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் சுற்றுவீதி ஒழுங்குகளை மாநகர சபை கவனிப்பது அதனாலேதான். பெயரை வைத்து எல்லையை ஊகிப்பவர் இங்கே தவறாமல் வழுக்கி விழுவார். ஆதன வரியும் கட்டட அனுமதியும் எந்தச் சபைக்குரியவை என்ற கேள்வியில், முகவரியின் இறுதியில் நிற்கும் "யாழ்ப்பாணம்" என்ற சொல் எதையும் தீர்மானிப்பதில்லை. கோண்டாவில்காரரும் கொட்டடிக்காரரும் அதே சொல்லையே எழுதுகின்றனர்.

அடுத்தது, தமிழ்நாட்டு நிருவாகச் சொற்களை அப்படியே இங்கு பொருத்துவது. அங்கு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்ற வரிசை உண்டு. இங்கு மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்ற மூன்றே உண்டு. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும், சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய மூன்று நகர சபைகளும், 13 பிரதேச சபைகளும் உள்ளன. "யாழ் மாநகராட்சி" என்று எழுதினால் பொருள் விளங்கும், ஆனால் அப்படியொரு சபை இல்லை. மாநகர சபையின் தலைவர் மாநகர முதல்வர்; மற்ற இரு வகைச் சபைகளுக்கும் தலைமை தாங்குபவர் தவிசாளர். தலைப்பில் இடம் போதவில்லை என்று "யாழ் முதல்வர்" எனச் சுருக்கும் வழக்கம், முதல்வர் என்றால் முதலமைச்சரையே நினைக்கும் தமிழ்நாட்டு வாசகரைத் திகைக்க வைக்கும். அந்தச் சுருக்கத்தை எம்மவரும் கைவிடுவது நல்லது.

புள்ளிவிபரங்களைக் கையாள்வோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. 1980களின் தொடக்கம் வரை இலங்கையில் மாநகர சபை, நகர சபை என்பவற்றுக்குக் கீழே பட்டின சபை என்றொரு வகையும், அதற்கும் கீழே கிராம சபையும் இருந்தன. சுன்னாகம் அப்படியொரு பட்டின சபையைக் கொண்டிருந்த ஊர். 1981 இல் பட்டின சபைகளும் கிராம சபைகளும் ஒழிந்து மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. பின்னர் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் உருவாயின. குடிசன மதிப்பீடு நகரப் பிரிவு என்று கொள்வது மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வாழ்வோரை மட்டுமே. பட்டின சபைகள் இருந்த காலத்தில் அவற்றின் பரப்பும் நகரப் பிரிவாகக் கணக்கிடப்பட்டது. பிரதேச சபைக்குள் சேர்ந்ததும் அதே கடைத்தெரு, அதே சந்தை, அதே சனநெருக்கம் கிராமப் பிரிவாகிவிட்டன. 2012 இல் இலங்கை மக்களில் 18.2 சதவீதத்தினரே நகரப் பிரிவில் இருந்தனர் என்ற எண்ணை, பட்டின சபைக் காலத்தின் கூடிய எண்ணோடு ஒப்பிட்டு "மக்கள் நகரங்களை விட்டுக் கிராமங்களுக்குத் திரும்புகின்றனர்" என்று முடிவு கட்டுவது, சட்டத்தில் ஏற்பட்ட மாற்றத்தை மக்களின் நடமாட்டம் என்று கொள்வதாகும். சுன்னாகச் சந்தைக்குக் காலையில் போய் வந்தவர் எவரும் அதைக் கிராமம் என்று சொல்லத் துணியார். ஆனால் இன்று வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்குள் இருக்கும் அந்த ஊர் புள்ளிவிபரத்தில் கிராமமே. எனவே "நகர்ப்புற மக்கள்" என்ற தொடரை எழுதும்போது, சட்டம் வகுத்த நகரமா, கண்ணால் காணும் நகரமா என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்லிவிட வேண்டும். பழைய காணி உறுதிகளைப் பெயர்த்தெழுதுவோரும் "பட்டின சபை" என்பதை நகர சபை என்று திருத்தாமல் உள்ளவாறே எழுதி, இன்றைய சபையின் பெயரைத் தனியே குறிப்பிடுவதே முறை.

ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் "நகர்" என்பதையும் நம்பிவிடக் கூடாது. முன்பு காரைதீவு எனப்பட்ட காரைநகர் ஒரு தீவு. அதற்கிருப்பது பிரதேச சபை. கரையூர் என்ற பழம்பெயருடைய குருநகர் மாநகரத்தின் ஒரு கரையோரப் பகுதி. "குருநகர் நகரம்" என்று எழுதியதைப் பார்க்கும்போது சிரிப்பதா நொந்துகொள்வதா என்று தெரிவதில்லை.

பட்டினம், பட்டணம் ஆகிய இரண்டையும் பற்றிப் பள்ளிக்கூடங்களில் ஒரு விதி சொல்லித் தரப்படுகிறது: பட்டினம் கடற்கரையூர், பட்டணம் உள்நாட்டுப் பேரூர். காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் இந்த விதிக்குள் அடங்கும். கடலை ஒட்டிய சென்னபட்டணம் அடங்காது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினரோடு தொடர்புடைய, இலங்கையின் வாகல்கட என்ற இடத்துக் கல்வெட்டில், கடற்கரையில் இல்லாத உள்நாட்டு ஊர் ஒன்று வீரபட்டினம் எனப்படுகிறது. விதியைப் பொதுப்போக்கு என்று கொள்ளலாம். அதைக் கொண்டு ஒரு பழைய ஊர் கடற்கரையில் இருந்தது என்று நிறுவ முற்படுவது பிழை. ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளை மொழிபெயர்ப்போர் இன்னொன்றையும் மறக்கலாகாது. அவற்றில் வரும் யாழ்ப்பாணப்பட்டணம் என்ற பெயர் பல இடங்களில் கோட்டையைச் சூழ்ந்த ஊரை விட்டு, வன்னி, மன்னார் வரை நீண்ட முழு நிருவாகப் பிரிவையும் சுட்டுகிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு "யாழ்ப்பாண நகரம்" என்று பெயர்த்தால், நெல்லும் யானையும் நகரத்துக்குள் விளைந்தன என்று பொருள்பட்டுவிடும். அவ்வாறே, தமிழ் மன்னர் காலத்துத் தலைநகர் நல்லூர் என்பதை மறந்து இன்றைய நகர மையத்தைத் தலைநகராக்குவதும் தவறு. கோட்டையைச் சுற்றிய ஊர் ஆட்சியிடமானது 1619 இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றிய பின்னரே.

பழைய நூல்களைப் படிப்போருக்கு இரண்டு எச்சரிக்கைகள் போதும். சங்கப் பாடல்களில் "நகர்" என்பது பல இடங்களில் பெரிய வீட்டையும் மாளிகையையும் கோவிலையும் குறிக்கும். தலைவியின் "வியல்நகர்" அவள் வாழ்ந்த அகன்ற மனையாகவே இருக்கக்கூடும். சோழர் கல்வெட்டுகளில் ஊர், சபை என்பவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் "நகரம்" வணிகர்களின் அவை. அது நிலம் விற்றது, வரியைத் தள்ளுபடி செய்தது என்று வரும் வாக்கியங்களை ஓர் ஊரின் செயலாகப் படித்தால் பொருள் கெடும்.

எழுத்துப்பிழைகள் சிலவே. நகரில், நகரத்தில் இரண்டும் சரி. "நகரப்புறம்" என்று எழுதாது "நகர்ப்புறம்" என்று எழுத வேண்டும். மாநகரம் ஒரே சொல். "மா நகரம்" என்று பிரித்தால் மாமரம் நிறைந்த ஊர் என்று யாராவது விளையாட்டுக்குப் பொருள் சொல்லக்கூடும். நகரப் பேருந்து, நகரத் திட்டமிடல் என்பவற்றில் வல்லினம் மிகும். நகர சபை, மாநகர சபை என்பவை மிகாமலே அரச ஆவணங்களில் நிலைத்துவிட்டமையால், அவற்றை இலக்கணத்தின் பெயரால் "நகரச் சபை" என்று மாற்றாமல் விடுவதே பொருத்தம்.