பூவின் நிறத்தை மண் தீர்மானிக்கிறதா?

சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் அது ஊதாவாகும். இதைப் பார்த்த கையோடு, மண்ணில் புளிப்பை ஏற்றினால் பூவும் நிறம் மாறும் என்று முடிவுகட்டி ரோஜாவுக்கு வினிகர் ஊற்றுபவர்கள் உண்டு. வேர் கருகுவதுதான் மிச்சம். சங்குப்பூ போன்ற பூக்களுக்குச் சிவப்பு, ஊதா, நீல நிறம் தரும் ஆந்தோசயனின் நிறமி இருப்பது இதழ்ச் செல்லின் சாற்றுப்பையான நுண்குமிழுக்குள். அங்கே எவ்வளவு அமிலம் இருக்கலாம் என்பது செடியின் சொந்த விவகாரம். 'ஹெவன்லி புளூ' என்ற ஐபோமியா கொடியில் மொட்டு செவ்வூதா, விரிந்த பூ நீலம். இதழ்ச் செல்லின் பிஎச் (அமில-கார அளவு; குறைந்தால் அமிலம், ஏறினால் காரம்) 6.6-லிருந்து 7.7-க்கு ஏறுவதே காரணம். மண் அப்படியேதான் இருக்கிறது.

"கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா மட்டும் மண்ணுக்கு ஏற்ப நிறம் மாறுகிறதே?" மாறும், ஆனால் தலைகீழாக. ஆந்தோசயனின் சாறு அமிலத்தில் சிவப்புப் பக்கம் சாய்கிறது. ஹைட்ரேஞ்சியாவோ அமில மண்ணில் நீலமாகிறது. இங்கே வேலை செய்வது அலுமினியம். பிஎச் சுமார் 5.5-க்குக் கீழே இருந்தால் அது மண்ணில் கரைந்து, வேர் வழியே ஏறி, இதழில் உள்ள டெல்ஃபினிடின் என்ற ஆந்தோசயனின் வகை நிறமியைப் பற்றிக்கொண்டு நீலமாக்குகிறது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது வீண். அதில் இருப்பது இரும்பு. பாஸ்பரஸ் உரத்தை அள்ளிப் போட்டால் அது அலுமினியத்தைக் கட்டிப்போட்டு, பூவை இளஞ்சிவப்பிலேயே நிறுத்திவிடும். வெள்ளை ரகத்திடம் எந்த வித்தையும் பலிக்காது.

நிறத்தை அமிலம், காரம் என்ற கணக்கிலேயே அடைத்துவிடும் தவறுக்கு மேதைகளும் தப்பவில்லை. சிவப்பு ரோஜாவிலும், கார்ன்பூ என்ற ஐரோப்பிய நீலப் பூவிலும் இருப்பது சயனிடின் என்ற ஒரே ஆந்தோசயனின் வகை நிறமிதான் என்று கண்ட ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர், கார்ன்பூவின் சாறு காரமாக இருப்பதால் நீலம் என்றார். தாவர நிறமி ஆய்வுக்காக 1915-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்! உண்மையில் அந்த நீலம், இரும்பும் மக்னீசியமும் கால்சியமும் நிறமியோடு பின்னிய சிக்கலான அமைப்பு. அதன் முழு வடிவம் 2005-இல்தான் தெளிவானது.

எல்லாப் பூவுக்கும் ஆந்தோசயனின் என்று எழுதுவது இன்னொரு பிழை. காகிதப்பூ, அந்திமந்தாரை, கோழிக்கொண்டை ஆகியவற்றின் நிறம் பீட்டாலெயின் என்ற வேறு வகை நிறமி. அது இருக்கும் செடியில் ஆந்தோசயனின் இருப்பதில்லை. செண்டுமல்லியின் மஞ்சளோ கரோட்டினாய்டு என்ற மூன்றாவது வகை நிறமி. அது நீரில் கரையாது, எலுமிச்சைக்கும் அசையாது.

வெள்ளைப் பூவில் வெள்ளை நிறமி எதுவும் கிடையாது. செல்களுக்கு இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெண்மை. ஒரு வெள்ளை இதழை விரல்களுக்கிடையே அழுத்தி நசுக்கிப் பாருங்கள். காற்று வெளியேறிய இடம் கண்ணாடிபோல் தெரியும்.