டர்க்காய்ஸ் மையும் அடைத்துக்கொண்ட பேனாவும்

பச்சை கலந்த நீல நிறமான டர்க்காய்ஸ் மை ஊற்றியதிலிருந்து பேனா காலையில் முதல் வரியைச் சும்மா கீறும், அப்புறம்தான் எழுதும். மதுரை வெயிலில் மை காய்கிறது என்று நினைத்து மூடியை இறுக்கினேன், தாளை மாற்றினேன், போர் தண்ணீரில் அலசினேன். தண்ணீர் தெளிவாகவே வந்தது, கீறல் போகவில்லை.

நிப்பின் பிளவு ஓரத்தில் செம்பு நிறத்தில் ஒரு மினுமினுப்பு. துரு என்றுதான் யாரும் சொல்வார்கள். ஈரத்துணி பட்டதும் அது பச்சை கலந்த நீலமாகக் கரைந்தது! காய்ந்த மைதான். அடர்த்தியான டர்க்காய்ஸ் மைகள் பல, காய்ந்தால் இப்படிச் சிவப்பாக மின்னும்.

சரி, நிப்பையும், அதன் அடியிலிருந்து அதற்கு மை கொண்டுவரும் ஃபீடையும் உருவி, பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் கிண்ணமே நீலம். ஃபீடின் மெல்லிய பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புப் போக அலசி மாட்டினேன். இப்போது முதல் எழுத்திலேயே மை இறங்குகிறது.