டிராஃப்ட் சேவ் ஆகலையா? விண்டோவ மூடிடாதீங்க

தண்டர்பேர்ட்ங்கற மெயில் சாஃப்ட்வேர்ல நீளமா ஒரு மெயில் அடிச்சிட்டு இருக்கும்போது டிராஃப்ட் சேவ் பண்ண முடியலன்னு ஒரு பெட்டி வந்து நிக்கும், நாம பதட்டத்துல எதையோ அமுக்கி விண்டோவையே மூடிடுவோம், அவ்ளோதான் போச்சு. நானும் அப்படி ஒரு மணி நேர வேலைய தொலைச்சிருக்கேன், வீட்ல வைஃபை புட்டுக்கிச்சு, வேறென்ன.

முதல்ல கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, நோட்பேட்ல ஒட்டி டெஸ்க்டாப்ல சேவ் பண்ணுங்க. டூ அட்ரஸும் அட்டாச்மென்ட்டும் இதுல வராது, தனியா பாத்துக்கோங்க.

அப்புறம் டிராஃப்ட்ஸ் ஃபோல்டர். ஒரே மெயில் ரெண்டு மூணு தடவ கிடக்கும், பயப்படாதீங்க. ஐமேப்ல (மெயில சர்வர்லயே வெச்சு ஃபோன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் பாக்கற முறை) சர்வர்ல இருக்கற மெயில அப்படியே திருத்த வழியே கிடையாது, ஒவ்வொரு சேவுக்கும் புதுசா ஒரு காப்பி மேல ஏறும், பழசுக்கு டிலீட் குறி விழும். நடுவுல நெட் போனா ரெண்டும் தங்கிடும். நேரம் பாத்து கடைசி காப்பிய திறந்து படிச்சிட்டு மத்தத தூக்குங்க, படிக்காம தூக்காதீங்க.

எதுவுமே இல்லயா? ஃபோல்டர காம்பாக்ட் (அழிச்ச மெயில ஃபைல்லேர்ந்து நிரந்தரமா நீக்கற வேலை) மட்டும் பண்ணிடாதீங்க, அதுவரைக்கும் அழிச்ச மெயிலும் ஃபைலுக்குள்ளயே கிடக்க வாய்ப்பு இருக்கு. ஹெல்ப் மெனுல ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய் ப்ரொஃபைல் ஃபோல்டர (தண்டர்பேர்ட் உங்க மெயில எல்லாம் சேத்து வெக்கற இடம்) திறங்க, தண்டர்பேர்ட மூடிட்டு, டிராஃப்ட்ஸ்ங்கற பேர்ல எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல் இருக்கும் (எம்எஸ்எஃப்னு முடியறது வெறும் இன்டெக்ஸ், அது வேணாம்), அத ஒரு காப்பி எடுத்து டெக்ஸ்ட் எடிட்டர்ல பாருங்க. தமிழ்ல எழுதியிருந்தா சில சமயம் புரியாத எழுத்துக் குப்பையா தெரியும், பேஸ்64ல (எழுத்த ஆங்கில எழுத்தும் எண்ணுமா மாத்தி வெக்கற முறை) மாறியிருக்கும். அந்த ஒரு மெயிலோட ஹெட்டர்லேர்ந்து முடிவு வரைக்கும் வெட்டி இஎம்எல் (.eml, ஒரே ஒரு மெயில் மட்டும் இருக்கற ஃபைல்) ஃபைலா சேவ் பண்ணி தண்டர்பேர்ட்லயே திறந்தா தமிழ் தெளிவா வந்துடும், அப்புறம் எடிட் ஆஸ் நியூ மெசேஜ் குடுத்தா தொடர்ந்து எழுதலாம்.

இனிமே நடக்காம இருக்க, செட்டிங்ஸ்ல கம்போசிஷன் பக்கத்துல ஆட்டோ சேவ் 5 நிமிஷம்னு இருக்கும், நான் 1 வெச்சிருக்கேன். நெட் அடிக்கடி புட்டுக்கற வீடுன்னா அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல டிராஃப்ட உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கற லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு மாத்திடுங்க, ஃபோன்ல அந்த டிராஃப்ட் தெரியாது, அது மட்டும்தான் குறை.

ஜிமெயில பிரவுசர்ல யூஸ் பண்றவங்களுக்கு ஒண்ணு: டிஸ்கார்ட் பண்ண டிராஃப்ட் குப்பைத்தொட்டிக்கு போகாது. கீழ கொஞ்ச நேரம் அன்டூன்னு வரும் பாருங்க, அத உடனே அமுக்கிடணும்.