ரொறன்ரோவில சனி ஞாயிறு காலைச் சாப்பாடு: வன்னியில இருந்து புதுசா போன பிள்ளையளுக்கு

இப்ப நான் தர்மபுரத்தில அம்மாட வீட்டில லீவுக்கு வந்து நிக்கிறன், விறாந்தையில இருந்துதான் இதை எழுதுறன். வந்து ரெண்டு கிழமைக்குள்ள மூண்டு வீட்டில ஒரே கதை, "பெடியன் ரொறன்ரோவுக்குப் போய் ஆறு மாசமாச்சு, ஒழுங்கா சாப்பிடுறானோ தெரியேல்ல, நீ ஒருக்கா கதைச்சுப் பார் பிள்ளை" எண்டு. எடுத்துக் கதைச்சா எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்லுறாங்கள், கிழமை முழுக்க வேலை, ஒரு கறியை வைச்சு ஐஞ்சு நாளைக்குச் சூடாக்கிச் சாப்பிடுறது, சனி ஞாயிறு மத்தியானம் வரைக்கும் படுத்துப்போட்டு எழும்பி நூடில்ஸ். வெளியில போய்ச் சாப்பிடன் தம்பி எண்டா "அது காசு அக்கா, பிறகு உள்ளுக்க போய் என்னத்தைக் கேக்கிறதெண்டும் தெரியாது" எண்டுறான். காசுக்கு வழி இருக்கு. அந்த ரெண்டாவது காரணம்தான் ஆக்களை வருசக்கணக்கா பேஸ்மென்ற்றுக்குள்ளயே வைச்சிருக்கு, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

நான் போன முதல் மார்கழி. ராத்திரி வேலை முடிஞ்சு சனிக்கிழமை காலமை பஸ்ஸுக்கு நடந்து வரேக்க ஒரு கடை வாசல்ல இருபது பேர் கிட்ட பனிக்குள்ள வரிசையா நிக்கினம். எனக்கு வரிசை எண்டா தண்ணிக்கும் கஞ்சிக்கும் நிவாரணத்துக்கும் நிண்ட வரிசைதான், செட்டிகுளம் முகாம்தான் கண்ணுக்க வந்தது, ஏதோ சும்மா குடுக்கினம் போல எண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கிச்சு, முட்டையும் உருளைக்கிழங்கும் காசு குடுத்துச் சாப்பிட நிக்கினம், சிரிச்சுச் சிரிச்சு நிக்கினம். நான் அண்டைக்கு உள்ளுக்க போகேல்ல, அதுக்குப் பிறகு மூண்டு வருசமும் போகேல்ல. அந்த மூண்டு வருசம் உங்களுக்கு வேண்டாம்.

அவை வரிசையில நிண்டது பிரஞ்ச் (brunch) எண்ட சாப்பாட்டுக்கு, அது பெரிய விசயம் ஒண்டும் இல்லை. காலமைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேத்து ஒரு சாப்பாடு, பத்து மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும். எங்கட அப்பாமார் வெள்ளன வயலுக்குப் போய் வேலையை முடிச்சுப்போட்டு பத்து மணிபோல வந்திருந்து சாப்பிட்ட நேரம்தான் அது. வித்தியாசம் என்னெண்டா அங்க அதைத் தனியச் சாப்பிட மாட்டினம், சிநேகிதரோட வந்திருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சுக் கதைச்சுச் சாப்பிடுவினம்.

எங்க துவங்குறது எண்டா, முதல் மாசம் எங்கட ரேக்அவுட் கடையளிலயே துவங்குங்கோ. ஸ்காபரோவில மார்க்கம் றோட், எல்ஸ்மியர், மக்னிக்கல், மோர்னிங்சைட் எண்டு எங்க பாத்தாலும் எங்கட ஆக்களின்ர கடை இருக்கு. சனி ஞாயிறு காலமை போனாத்தான் பாலப்பம் சுடச்சுடக் கிடைக்கும், இடியப்பம், சம்பல், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் அப்பதான் புதுசா இறக்குவினம், சில கடையில சனி ஞாயிறுக்கு மட்டும் ஒடியற்கூழும் காச்சுவினம், நண்டும் இறாலும் பயித்தங்காயும் போட்டு. பனையோலைப் பிளாவில வராது, பிளாஸ்ரிக் கப்பில வரும், ஆனா ஒடியல் ஒடியல்தான். ஒரு பிரச்சினை, கனக்கக் கடையில இருந்து சாப்பிட மேசை இல்லை, இருந்தாலும் ரெண்டு கதிரைதான். அதால நாலு பேர் சேந்து வாங்கிக்கொண்டு ஒராளின்ர வீட்டுக்குப் போங்கோ, வெயில் காலத்தில பார்க்குக்குக் கொண்டு போங்கோ. இன்னொண்டு, சமைச்ச சாப்பாடு மொத்தமா நாலு டொலருக்குள்ள வாங்கினா வரி 5 வீதம்தான், அதுக்கு மேல போனா ஒன்ராறியோவில 13 வீதம். ரெண்டு ரோல்ஸ் மட்டும் வாங்குற நாளில பில்லைப் பாத்தா விளங்கும்.

ஆனா அங்கயே நிண்டிடாதேங்கோ. இதை நான் அழுத்திச் சொல்லுறன், ஏனெண்டா பத்து வருசம் இருந்தும் எங்கட கடையைத் தாண்டி வேற எங்கயும் ஏறாத ஆக்களை எனக்குத் தெரியும், நல்ல மனிசர், ஆனா வேலையிடத்தில சக ஆக்கள் சாப்பிடப் போகேக்க ஏதாவது சாட்டுச் சொல்லிப்போட்டு நிண்டிடுவினம்.

அடுத்ததா லோரன்ஸ் அவெனியூ ஈஸ்ற். விக்ரோறியா பார்க்குக்குக் கிழக்கால நடந்தீங்களெண்டா வரிசையா அரபு ஆக்களின்ர கடையளும் பேக்கரியளும், 54 பஸ் அந்த றோட்டாலதான் போகுது. அங்க மனாகிஷ் எண்டு ஒண்டு இருக்கு, ரொட்டி மாதிரித் தட்டி மேல ஸாத்தர் எண்ட இலைத்தூளும் எள்ளும் ஒலிவ் எண்ணையும் பூசி போறணையில போட்டு எடுப்பினம், சீஸ் போட்டும் தருவினம், விலையும் மலிவு. ஃபுல் எண்டு கேட்டா அவரை மாதிரி ஒரு பயறை அவிச்சு மசிச்சு எலுமிச்சம்புளியும் உள்ளியும் போட்டது வரும், எங்கட நாக்குக்கு உடன பிடிக்கும். ஷக்‌ஷுகா எண்டுறது தக்காளிக் குழம்புக்குள்ள முட்டையை உடைச்சு ஊத்தி அவிக்கிறது. அநேகமான கடையள் ஹலால், அதால பண்டி இறைச்சி கலந்திருக்குமோ எண்ட பயமும் இல்லை. புரட்டாதிச் சனி பிடிக்கிற ஆக்களுக்கு ஸாத்தர் மனாகிஷும் ஃபுல்லும் நல்ல சாப்பாடு.

பிறகு டிம் சம், சின்னச் சின்னத் தட்டில கனவிதமா வாற சீனச் சாப்பாடு. இது நான் ஆகலும் விரும்புற இடம், கொஞ்சம் கூடத்தான் எழுதப்போறன். ஸ்காபரோவில அஜின்கோர்ட் பக்கம் 1980களில ஹொங்கொங் ஆக்கள் கனபேர் வந்து குடியேறினவை, அதால ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்ரீல்ஸ் எல்லாம் பெரிய பெரிய சீனக் கடையள். ஞாயிறு காலமை போய்ப் பாருங்கோ, அம்மம்மாவில இருந்து கைக்குழந்தை வரைக்கும் ஒரு வட்ட மேசையைச் சுத்தி பத்துப் பன்ரெண்டு பேர், சத்தம் எண்டா சத்தம், எங்கட கலியாண வீட்டுப் பந்தி மாதிரி. புதுசா வந்த ஆளுக்கு அதைவிடத் தயக்கம் இல்லாத இடம் கிடையாது, உங்களை ஒருத்தரும் பாக்க மாட்டினம். ஊரில தேத்தண்ணிக் கடையில வடை, ரோல்ஸ் எல்லாம் ஒரு தட்டில மேசையில வைச்சிட்டுப் போவினம், நாங்கள் திண்டதுக்கு மட்டும் கணக்குப் பாப்பினமெல்லோ, அது மாதிரித்தான் ஒரு பக்கம், ஆனா ஒரு வித்தியாசம், டிம் சம் கடையில மேசைக்கு வந்தது எல்லாத்துக்கும் காசு. சில கடையில வண்டில்ல தள்ளிக்கொண்டு வருவினம், கனக்கக் கடையில இப்ப ஒரு தாளைத் தருவினம், பென்சிலால அடையாளம் போட்டுக் குடுக்க வேணும்.

ஹார் காவ் எண்டா இறால் வைச்சு அவிச்ச கொழுக்கட்டை மாதிரி, நந்திக்கடல் இறால் சாப்பிட்டு வளந்த ஆக்கள் முதல் அதைக் கேளுங்கோ. ஷூ மாயில பண்டியும் இறாலும், சார் ஷூ பாவ் எண்ட வெள்ளை பண்ணுக்குள்ள பண்டி, தாமரை இலையில சுத்தின சோத்துக்குள்ள கோழியோட பண்டியும் இருக்கிறது வழமை. மாடு சாப்பிடாத ஆக்கள் உருண்டையள் கேக்கிறதுக்கு முதல் "பீஃப்?" எண்டு ஒரு சொல்லில கேட்டாலே போதும். மரக்கறி ஆக்களுக்கு அங்க பெரிசா ஒண்டும் இல்லை. தேத்தண்ணிக்கு ஆளுக்கு இவ்வளவு எண்டு பில்லில போடுவினம், கேத்தல் முடிஞ்சா மூடியைக் கொஞ்சம் திறந்து சரிச்சு வைச்சா வந்து சுடுதண்ணி விடுவினம், ஆரும் உங்களுக்கு ஊத்தினா மேசையில ரெண்டு விரலால தட்டினா நன்றி எண்டு அர்த்தம். கன கடையில 11 மணிக்கு முதல் போனா விலை குறைவு. நாலு பேராப் போனா பத்து விதமாச் சாப்பிடலாம், தனியப் போனா ரெண்டோட வயிறு நிறைஞ்சிடும், அதால கூட்டமாப் போங்கோ.

இனித்தான் நான் முதல் மார்கழியில வரிசையைக் கண்ட அந்த முட்டைக் கடை. வாசல்ல நில்லுங்கோ, ஊர்க்கடை மாதிரி நேர போய்க் கதிரையில இருக்கிறேல்ல, ஒராள் வந்து எத்தினை பேர் எண்டு கேட்டுத்தான் கூட்டிக்கொண்டு போவார். ஆக்கள் கூடவெண்டா பேரும் போன் நம்பரும் குடுத்தா மேசை வெறுமையாகேக்க மெசேஜ் வரும், அதுவரைக்கும் பக்கத்தில எங்கயாவது சூட்டுக்குள்ள நில்லுங்கோ. பத்து மணிக்கு முதலோ ஒரு மணிக்குப் பிறகோ போனா நிக்கிற வேலை குறைவு. மே மாசம் ரெண்டாவது ஞாயிறு அன்னையர் தினம், அண்டைக்கு மட்டும் போகாதேங்கோ.

இருந்த உடன கோப்பி வேணுமோ எண்டு கேப்பினம். சாதாரண கோப்பிக்கு கன இடத்தில திரும்பத் திரும்ப ஊத்துவினம், காசு ஒருக்காத்தான், லாட்டே எண்ட பால் கோப்பிக்கு அப்பிடி இல்லை. தண்ணி எண்டா "ராப் வோட்டர்" எண்டு சொல்லுங்கோ, அது இலவசம், சும்மா வோட்டர் எண்டா சில இடத்தில போத்தல் வரும். மிமோசா எண்டு ஒரேஞ்ச் நிறத்தில வாறது வைன் கலந்தது, ஜூஸ் எண்டு நினைச்சுக் கேட்டிடாதேங்கோ. பிறகு முட்டையை எப்பிடி வேணும் எண்டு ஒரு கேள்வி வரும், எங்கட பிள்ளையள் அதிலதான் முழிக்கிறது. சன்னி சைட் அப் எண்டா பிரட்டாம மஞ்சள் கரு மேல தெரிய வாறது, ஓவர் ஈசி எண்டா பிரட்டினது ஆனா கரு தண்ணியா இருக்கும், ஓவர் ஹாட் எண்டா முழுக்க வெந்தது, ஸ்கிராம்பிள்ட் எண்டா கிண்டினது. அவிஞ்ச முட்டைதான் பழக்கம் எண்டா ஓவர் ஹாட் கேளுங்கோ. எக்ஸ் பெனடிக்ற் எண்டா பாதி அவிஞ்ச முட்டை, கீழ பண்டி இறைச்சியும் ஒரு பண்ணும், மேல முட்டைக் கருவும் பட்டரும் எலுமிச்சையும் அடிச்ச சோஸ், பண்டி வேண்டாமெண்டா ஸ்பினாச் எண்ட கீரை போட்டுத் தருவினம். சைவ ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ, உருளைக்கிழங்கையும் பேக்கன் எண்ட பண்டி இறைச்சியையும் ஒரே தட்டுக் கல்லில பிரட்டுற கடையள் இருக்கு, கேட்டா மறைக்காமச் சொல்லுவினம். கேக்கிறதில வெக்கமே இல்லை, அங்கத்தை ஆக்களே பத்துக் கேள்வி கேட்டுத்தான் ஓடர் குடுப்பினம்.

காசுக் கணக்கை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. நான் முதல் முறை போன கடையில மெனுவில பாத்த விலைக்கு எண்ணி வைச்ச காசு போதாமப் போய், கூட வந்த பிள்ளையிட்ட கடன் வாங்கினன், அந்த வெக்கம் இண்டைக்கும் மனசில நிக்குது. 18 டொலர் சாப்பாடு, 4 டொலர் கோப்பி எண்டு வையுங்கோ, 22. வரி 13 வீதம் 2.86, ஆக 24.86. பிறகு டிப்ஸ். 22க்கு 15 வீதம் எண்டா 3.30, மொத்தம் 28.16. கார்ட் மெசின்ல டிப்ஸ் 18, 20, 22 வீதம் எண்டு காட்டும், அதுவும் அநேகமா வரியையும் சேத்த தொகைக்கு, பயப்பிடாம வேற தொகை எண்டதை அமத்தி நீங்களே அடியுங்கோ. இருந்து சாப்பிட்டா 15 வீதம் மரியாதையான காசு, ரேக்அவுட்டுக்கு கட்டாயம் இல்லை. பெரிய கூட்டமாப் போனா பில்லிலயே டிப்ஸ் சேத்திருக்கலாம், பாக்காமத் திரும்பவும் குடுத்திடுவீங்கள். தனித்தனி பில் வேணுமெண்டா ஓடர் குடுக்கேக்கயே சொல்லுங்கோ. மிஞ்சினதைப் பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, எல்லாரும் செய்யிறதுதான்.

ரொறன்ரோ நகரத்துக்குள்ள ஒவ்வொரு கடை வாசல்லயும் டைன்சேஃப் எண்ட மட்டை ஒட்டியிருக்கும், 2001ல இருந்து இருக்கிற முறை. பச்சை எண்டா பாஸ், மஞ்சள் எண்டா திருத்தச் சொல்லியிருக்கு, சிவப்பு எண்டா பூட்டு. மஞ்சளைக் கண்டா நான் வேற கடைக்குப் போயிடுவன்.

போக்குவரத்துக்கு 3.30 டொலர், பிரஸ்ரோ எண்ட பஸ் கார்ட்டோ பாங்க் கார்ட்டோ தட்டினா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஏறி இறங்கலாம், கிட்டவான கடையெண்டா போய்ச் சாப்பிட்டு அதே காசில திரும்பி வந்திடலாம். ஞாயிறு காலமை சப்வே எட்டு மணிபோலதான் ஓடத் துவங்கும், சனி ஞாயிறில திருத்த வேலைக்குச் சில பகுதியைப் பூட்டியும் விடுவாங்கள், வெளிக்கிட முதல் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ.

மாசத்தில ஒரு சனி போதும். சம்பளம் வந்த கிழமை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, ரூமில இருக்கிற மற்றப் பெடியளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க காலமை பத்து மணி எண்டா இஞ்ச வன்னியில இரவு ஏழரை, மாரியில எட்டரை, அம்மாமார் வேலை எல்லாம் முடிச்சு போனும் கையுமா இருக்கிற நேரம். கடையில வைஃபை கேட்டா தருவினம். சாப்பாடு மேசைக்கு வந்த உடன வீடியோவில எடுத்து கோப்பையை ஒருக்கா காட்டுங்கோ, பக்கத்து வீட்டு அக்கா நேற்றும் வந்து என்னட்டக் கேட்டவ.