‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்’: சிறு விமானம் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பயிற்சிப் பறப்பில் ஒரு மாணவர், “சார், கொஞ்சம் தள்ளிப் போனால் தெளிந்துவிடும்போல இருக்கிறது” என்றார். எதிரே சாம்பல் நிறத்தில் மேகம் சுவர்போல நின்றுகொண்டிருந்தது. இருபது வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தைகள். எரிச்சலாக வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

செக்லிஸ்ட்டைத் தாண்டிப் போவது, சக்கரம் இறக்க மறப்பது போன்றவற்றை எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எரிபொருள் முள்ளை நம்புவது

இறக்கைமேல் ஏறுங்கள். டேங்கில் குச்சி விட்டுப் பாருங்கள்.

நாலு இருக்கை என்றால் நாலு பேர் என்று நினைப்பது

நாலு இருக்கைச் சிறு விமானமான செஸ்னா 172 ஏறக்குறைய 400 கிலோ சுமக்கும். டேங்கை நிரப்பினாலே 150 கிலோ போய்விடும். மிச்சத்தில் நாலு பெரியவர்களையும் பைகளையும் அடைக்க முடியாது, கணக்கு அவ்வளவுதான். பாடகி ஆலியா உட்பட விமானத்தில் இருந்த ஒன்பது பேரும் 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் இறந்தார்கள். அந்த செஸ்னா 402 அளவுக்கு மீறிய எடையோடு கிளம்பியிருந்தது. எடை பின்பக்கமாகவும் சாய்ந்திருந்தது. யாரையாவது இறக்கிவிடச் சொல்ல விமானிக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தைத் தரையிலேயே பட்டுவிடுங்கள்.

மேகத்தைப் பார்த்த பிறகும் திரும்பாமல் இருப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்குத் தொண்ணூறு மணி நேரப் பறப்பு அனுபவம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் உரிமம் கிடையாது. இரண்டு நண்பர்கள் உடன் வந்தார்கள். நாலு மணிக்கு வந்துவிடுவோம் என்று போனில் சொல்லியிருந்தேன். பாதி வழியில் மேகம் தாழ்ந்தது. நானும் 3000 அடியிலிருந்து 2000-க்கு இறங்கினேன். அப்புறம் 1500. அப்புறம் 900. ஒவ்வொரு முறையும், ‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம், முடியாவிட்டால் திரும்பிக்கொள்ளலாம்’ என்றே நினைத்தேன். அந்த ‘முடியாவிட்டால்’ எங்கே வருகிறது என்று மட்டும் தீர்மானித்துக்கொள்ளவில்லை.

கண்ணாடி திடீரென்று வெள்ளையாகிவிட்டது. விமானம் நேராகத்தான் போகிறது என்று உடம்பு சத்தியம் செய்தது. அடிவானக் கருவியோ இடப்பக்கம் நாற்பது டிகிரி சாய்ந்திருப்பதாகக் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன், சத்தியமாக. காற்றின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. மேகத்துக்குக் கீழே வந்து விழுந்தபோது தரை கோணலாகத் தெரிந்தது. மிச்சமிருந்தது 400 அடி. பின்னால் இருந்த நண்பர் நான் வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

காரணம் காதுக்குள்தான் இருக்கிறது. உள்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் அசைவதை வைத்துத்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. மெதுவாகச் சாய்ந்தால் திரவம் கண்டுகொள்வதே இல்லை. ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும், நேராகப் போகிற மாதிரியே இருக்கும். இதற்குள் விமானத்தின் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். விமானி பதறிப் பின்னுக்கு இழுப்பார். சாய்ந்த விமானத்தில் அப்படி இழுத்தால் அது மேலே ஏறாது, சுழல்தான் இறுகும்.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரை வெளிக்காட்சியை மறைத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 விநாடி. ஒருவர் இருபதாவது விநாடியிலேயே.

மேகம் இல்லாமலும் இது நடக்கும். ஜான் எஃப். கென்னடியின் மகன் 1999 ஜூலை 16 இரவு, மார்த்தாஸ் வின்யார்டு தீவருகே தன் பைப்பர் சரட்டோகா சிறு விமானத்தோடு கடலில் விழுந்தார். மனைவியும் மனைவியின் அக்காவும் உடன் இருந்தார்கள். பனிமூட்டம், கீழே இருட்டுக் கடல், அடிவானம் தெரியாத இரவு. கூடவே வருகிறேன் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னதையும் அவர் வேண்டாம் என்றிருந்தார்.

சரி, என்ன செய்வது? கிளம்பும் முன் ஒரு எண்ணைத் தாளில் எழுதச் சொல்கிறேன்: மேகம் என்னை இந்த உயரத்துக்குக் கீழே தள்ளினால் திரும்புவேன். பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சத்தமாகச் சொல்லவும் வேண்டும். போகும் இடத்துக்குப் போன் செய்து, “வந்தாலும் வருவேன், வராமலும் போவேன்” என்று சொல்லிவிடுங்கள். என்னை 900 அடிக்கு இறக்கியது மேகம் மட்டுமில்லை, அந்த நாலு மணியும்தான்.

மாட்டிக்கொண்டீர்களா? கண்ணைக் கருவிகளுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் இறக்கைகளை நேராக்குங்கள், அப்புறம் சின்னச் சாய்வில் மெல்லத் திரும்புங்கள். ஆட்டோபைலட் இருந்தால் அதைப் போடுங்கள். ரேடியோவில், “மேகத்துக்குள் வந்துவிட்டேன், உதவி வேண்டும்” என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

தெரிந்தவர் வீட்டுக்கு மேலே தாழப் பறந்து காட்டுவது

வேண்டாம்.

கிளம்பியவுடன் எஞ்சின் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்புவது

உயரம் போதாது. மூக்கைத் தாழ்த்தி, எதிரே கிடைக்கும் இடத்தில் இறக்குங்கள்.

தரையிறங்கும் முன் கடைசித் திருப்பத்தில் ஓடுதளத்தைத் தாண்டிவிட்டு இழுத்துப் பிடிப்பது

ஓடுதளம் பக்கவாட்டில் நழுவுகிறது என்று மேலும் சாய்ப்பார்கள், ரட்டரை (வாலில் உள்ள திருப்பும் பலகையை) மிதிப்பார்கள், பின்னுக்கு இழுப்பார்கள். உயரம் குறையாமல் அறுபது டிகிரி சாய்ந்து திரும்பும்போது, ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தூக்க முடியாமல் கைவிடும் வேகம், 41 சதவீதம் கூடிவிடுகிறது. அந்த உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள இடம் கிடையாது. என் மாணவர்கள் இதில் தலையை நன்றாக ஆட்டுவார்கள், அடுத்த சுற்றில் அதையே செய்வார்கள். தாண்டிவிட்டதா, விடுங்கள். பவர் கொடுத்து இன்னொரு சுற்று வாருங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும்.