'நிலையற்றது' என்று படித்தால் உடனே கேட்க வேண்டிய கேள்விகள்

அறிவியல் கட்டுரைகளைத் தமிழாக்குவது என் வேலை. அதில் என்னை அதிகம் தடுமாற வைத்த சொல் 'இன்ஸ்டபிலிட்டி', அதாவது நிலையின்மை. ஒருமுறை வேதியியல் கட்டுரை ஒன்றில் "சாதாரண வெப்பநிலையில் வைரம் நிலையற்றது" என்று எழுதி அனுப்பினேன். மூலத்தில் இருந்ததும் அதுதான். மெய்ப்பு பார்த்தவர் ஓரத்தில் "அப்படியானால் எப்போது அழியும்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். சொல் சரியாக இருந்தும் பொருள் போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் சில கேள்விகளைக் கேட்காமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.

முதல் கேள்வி: இங்கே 'நிலைக்காது' என்கிறார்களா, 'சீண்டினால் திரும்பாது' என்கிறார்களா? நிலையாமை என்றதும் நமக்கு அழிந்துபோவதுதான் நினைவுக்கு வரும். அறிவியலில் அது ஒரு கிளை மட்டுமே. மற்றக் கிளையில் காலம் முக்கியமில்லை. ஒரு சின்னச் சீண்டல் கொடுத்தால் அது அடங்குகிறதா, பெருகுகிறதா என்பதே பேச்சு.

அணுக்கரு இயற்பியல் முதல் கிளையைச் சேர்ந்தது. நிலையற்ற கருவை யாரும் சீண்ட வேண்டியதில்லை, தானாகவே சிதையும். அதனால் கேட்க வேண்டியது அரை ஆயுட்காலம், அதாவது கருக்களில் பாதி சிதைய ஆகும் காலம், எவ்வளவு என்பதுதான். கார்பன்-14க்கு சுமார் 5,730 ஆண்டுகள், யுரேனியம்-238க்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். பிஸ்மத்-209 நிலையானது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். அதுவும் சிதைகிறது என்று 2003இல் பிரான்சில் அளந்து காட்டினார்கள். அதன் அரை ஆயுட்காலம் பிரபஞ்சத்தின் வயதைப்போல நூறு கோடி மடங்குக்கும் மேல். 'நிலையற்றது' என்ற ஒரே சொல் இத்தனையையும் சுமக்கிறது, எண் இல்லாமல் அதை நம்பாதீர்கள்.

வைரத்துக்கு வருவோம். இங்கே கேள்வி, எதோடு ஒப்பிட்டு? கிராஃபைட்டோடு ஒப்பிட்டு. நாம் வாழும் வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கார்பனுக்குக் கிராஃபைட்டாக இருப்பதுதான் ஆற்றல் கணக்கில் லாபம். வித்தியாசம் மோலுக்கு மூன்று கிலோஜூல் அளவில், மிகச் சிறியது. ஆனால் அங்கே போய்ச் சேர, கார்பன் பிணைப்புகளை உடைத்து வேறு விதமாகக் கட்ட வேண்டும். நடுவில் நிற்கும் அந்த மேடு மிக உயரம். பள்ளத்தாக்கு ஒன்றில் உட்கார்ந்திருக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பது போல: கீழே போக இடமுண்டு, ஏறிக் கடக்க வலு இல்லை. வேதியியலார் இதை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்: எந்த நிலை ஆற்றலில் லாபம் என்பது வெப்ப இயக்கவியல், அங்கே எவ்வளவு வேகமாகப் போகும் என்பது வேகவியல். என் வாக்கியம் கடைசியில் இப்படி ஆனது: "வெப்ப இயக்கவியல்படி வைரத்தைவிடக் கிராஃபைட்டே நிலையானது, ஆனால் அந்த மாற்றம் உணர முடியாத அளவுக்கு மெதுவானது." நீளம்தான். ஆனாலும் ஓரக் குறிப்பு இம்முறை வரவில்லை.

இரண்டாம் கிளையைக் கையால் உணர்வதே நல்லது. கெட்டி அட்டை போட்ட, அகலத்தைவிட உயரம் கூடுதலான புத்தகம் ஒன்றை எடுத்து, திறக்காதபடி ரப்பர் பேண்ட் போடுங்கள். முன்னட்டை மேலே பார்க்க, முதுகு இடக்கைப் பக்கம் இருக்கட்டும். இரு பக்கமும் பிடித்து, மேல் விளிம்பு உங்களை நோக்கி வந்து குட்டிக்கரணம் அடிக்கும்படி மேலே எறிந்து பிடியுங்கள். நேராகச் சுற்றத்தான் எறிந்திருப்பீர்கள், ஆனால் பெரும்பாலும் முதுகு வலக்கைக்கு வந்திருக்கும். வழியிலேயே புத்தகம் அரைத் திருப்பம் திரும்பிவிட்டது. அதே புத்தகத்தைத் தட்டு போலச் சுழற்றினாலோ, முதுகுக்கு இணையான அச்சில் உருட்டினாலோ இப்படித் திரும்பாது. 1985இல் சல்யூத்-7 விண்வெளி நிலையத்தில் சோவியத் விண்வெளி வீரர் விளாதிமிர் ஜானிபெகோவ் ஒரு திருகு மரை (நட்டு) இதேபோல் மிதந்தபடி புரண்டு புரண்டு திரும்புவதைக் கண்டார்.

இதில் புத்தகத்துக்கு ஒரு குறையும் இல்லை. கையின் சிறு சாய்வு மற்ற இரண்டு அச்சுகளில் அடங்கிக் கிடக்கிறது, குட்டிக்கரணம் அடித்த இந்த அச்சில் மடங்கு மடங்காகப் பெருகுகிறது. ஆகவே 'எது நிலையற்றது' என்று கேட்டால் போதாது, 'எந்த நிலையில், எந்த இயக்கத்தில்' என்று கேளுங்கள். எனக்கு இந்தச் சொல்லைத் திறந்துவிட்ட கேள்வி இதுதான்.

அடுத்து, எவ்வளவு பெரிய சீண்டல்? குழாயில் நீர் சீராக ஓடுவதும் கொந்தளிப்பதும் எப்போது என்று ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1883இல் ஆராய்ந்தார். ஓட்டத்தின் வேகம், குழாயின் அகலம், நீரின் பிசுபிசுப்பு ஆகியவற்றிலிருந்து கணக்கிடும், அவர் பெயரால் வழங்கும் எண் சுமார் 2,000ஐத் தாண்டும்போது கொந்தளிப்பு வரலாம் என்பார்கள். ஆனால் அதிர்வே இல்லாமல் கவனமாக நடத்தினால் 10,000ஐத் தாண்டியும் ஓட்டம் சீராகவே இருக்கும். நுண்ணிய சீண்டல் அடங்கும், கொஞ்சம் பெரியது வந்தால் ஓட்டம் குலையும். இப்படி 'ஒரு வரம்புவரை நிலையானது' என்ற வகையை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

வானிலையில் தனிக் கவனம் தேவை. செய்தியில் 'நிலையற்ற வானிலை' என்றால் மழையும் வெயிலும் மாறி மாறி வருவது. வானிலையாளர் 'நிலையற்ற வளிமண்டலம்' என்னும்போது வானம் நீலமாக, காற்றே இல்லாமல்கூட இருக்கலாம். ஒரு பொதி காற்றைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் திரும்பி இறங்குமா, ஏறிக்கொண்டே போகுமா என்பதே அவர் கேள்வி. உலர்ந்த காற்று ஏறும்போது கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி செல்சியஸ் குளிரும். ஈரம் நீர்த்துளிகளாகி மேகமாகத் தொடங்கினால் வெப்பம் வெளிப்படுவதால் குளிர்வது குறையும். சுற்றுப்புறம் கிலோமீட்டருக்கு 8 டிகிரி குளிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பொதி சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கனத்து இறங்கிவிடும். ஈரம் நிரம்பிய பொதியோ சூடாகவே இருந்து மேலே மேலே போய் இடிமேகமாகும். ஒரே வானம் உலர்ந்த காற்றுக்கு நிலையானது, ஈரக் காற்றுக்கு நிலையற்றது.

மரபணுவியலில் 'மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை' என்று வந்தால் மேலே சொன்ன இரண்டையும் ஒதுக்கிவையுங்கள். டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது, திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்கோவைகளின் எண்ணிக்கை மாறிப்போகிறது, பிழைதிருத்தும் புரதங்கள் அதைச் சரிசெய்யத் தவறுகின்றன என்பதே அங்கே பொருள்.

கணினிக் கணக்கீட்டுக் கட்டுரைகளில் இன்னொரு கேள்வியும் உண்டு: நிலையின்மை இயற்கையிலா, நம் கணக்கிலா? ஒரு அளவு, நொடிக்குத் தன்னைப்போல் 100 மடங்கு வேகத்தில் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது கண்ணிமைப்பதற்குள் பூஜ்யத்தை நெருங்கிவிடும். ஒரு படி முழுவதும் வேகம் மாறாது என்று கொள்ளும் ஆய்லரின் எளிய முறையில் 0.03 நொடிப் படியாகக் கணக்கிட்டால் ஒவ்வொரு படியிலும் 1 − 100 × 0.03, அதாவது −2ஆல் பெருக்குகிறோம்: 1, −2, 4, −8, 16. அடங்க வேண்டியது வெடித்துப் பெருகுகிறது. படியை 0.015 ஆக்கினால் பெருக்கும் எண் −0.5, விடை அடங்குகிறது. அதனால் வரைபடத்தில் ஏதாவது தாறுமாறாக ஏறினால், விளக்கம் எழுதத் தொடங்கும் முன் படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் காணாமல் போனால் அதற்கு இயற்கையில் காரணம் தேட வேண்டாம்.